மீட்டர் சரியாகத்தான் இருந்தது

முதல் வாரம் என் வலது கையின் பிடி இருபத்தாறு கிலோ. ஐந்தாவது வாரம் இருபத்து நான்கு. பத்தாவது வாரம் இருபத்தொன்று. இதையெல்லாம் நானே என் கைப்பட, கோடு போட்ட நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பும் இருக்கிறது: 'மீட்டர் தளர்கிறது. பழுது பார்க்க அனுப்ப வேண்டும்.'

என் நோய் முதன்முதலில் தலைகாட்டியது அந்த நோட்டில்தான். நானே எழுதிவிட்டு, நானே படிக்காமல் விட்டேன்.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு செவிலியர் கல்லூரியில் பதினாறு வருடமாக ஆசிரியையாக இருக்கிறேன். பாடம், செவிலியர் ஆராய்ச்சி. அதிலும் எனக்கு உயிரான பகுதி, அளவிடும் முறைகளும் தகவல் திரட்டும் முறைகளும். எதை அளக்கிறோம், எதால் அளக்கிறோம், இன்று காட்டியதைக் கருவி நாளையும் காட்டுமா, இரண்டு பேர் தனித்தனியாக அளந்தால் ஒரே விடை வருமா என்பதெல்லாம் அதில் வரும். இந்தப் பாடம் தொடங்கினாலே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும். எனக்குக் கோபம் வரும். "கொட்டாவி நிமிஷத்துக்கு எத்தனைன்னு எண்ணி எழுதுங்க, அதுவும் ஒரு அளவுதான்" என்பேன்.

விரல் மரத்துப்போய், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த நோயின் பெயரை இன்றுதான் காதில் வாங்கி, எந்தப் பேருந்தில் ஏறுவது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்காகவும். அடுத்தவர் உடம்பை அளந்து சம்பளம் வாங்குகிற என்னைப் போன்றவர்களும் படித்தால் நல்லது.

என் முனைவர் பட்ட ஆய்வு மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளில் நடந்தது. அங்கே இப்போது பாதி வேலை மின்சாரக் கட்டரிலும் கிரைண்டரிலும்தான். அந்த இயந்திரத்தின் அதிர்வு நாள் முழுவதும் கையில் ஏறினால் விரல் மரக்கும், பிடி தளரும். எவ்வளவு தளர்கிறது என்று வாராவாரம் அளந்து பார்ப்பதே என் வேலை. கருவிகள் இரண்டு. ஒன்று பிடி மீட்டர் (கையால் இறுக்கினால் எத்தனை கிலோ வலு என்று முள் காட்டும்). இன்னொன்று நைலான் இழை (தூண்டில் நரம்பு மாதிரி ஒரு துண்டு, அது லேசாக வளையும்வரை தோலில் வைத்து, தொடுவது தெரிகிறதா என்று கேட்போம்).

என்னோடு வந்தவள் கலைவாணி. எங்கள் கல்லூரியிலேயே படித்து, அங்கேயே இளநிலை ஆசிரியையாகச் சேர்ந்தவள். திருக்கழுக்குன்றத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். என் ஸ்கூட்டரின் பின்னால் கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவாள்.

வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் கருவியைச் சோதிக்க வேண்டும். முறைப்படி, தெரிந்த ஓர் எடையை மீட்டரில் தொங்கவிட்டு முள் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். என் கணவர் சரவணன் அணு ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் கருவிப் பிரிவில் இருக்கிறார். அவருடைய உலகத்தில் அளவுகோலுக்கும் ஓர் அளவுகோல் உண்டு, அதற்கும் மேலே ஒன்று உண்டு. "எடை மாட்டிப் பாரு. ஆளு கைய வெச்சு மீட்டரைப் பாக்கறது என்ன முறை?" என்று ஆரம்பத்திலேயே கேட்டார்.

நான் கேட்கவில்லை. பத்துக் கிலோ இரும்பை ஸ்கூட்டரில் யார் தூக்கிக்கொண்டு அலைவது? ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே மாதிரி உட்கார்ந்து, ஒரே கையால் பிடித்தால் போதும் என்று நானே ஒரு முறை வகுத்தேன். ஆள் நான். எனக்கு நாற்பத்திரண்டு வயது, சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை. என் கையைவிட நம்பகமான எடைக்கல் எங்கே கிடைக்கும் என்று இருந்தேன். திமிர்தான், வேறென்ன.

எண் இறங்க ஆரம்பித்தபோது மீட்டரைச் செங்கல்பட்டில் கருவி பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்.

"வெயிட் மாட்டிப் பாத்துட்டேன் மேடம். அஞ்சுக்கு அஞ்சு, பத்துக்குப் பத்து காட்டுது. மீட்டர்ல ஒன்னும் கோளாறு கெடயாது."

"அப்போ கோளாறு என் கையிலயா?"

"அத்த நான் எப்படி மேடம் சொல்றது" என்றார் அந்த மனிதர்.

வெளியே வந்ததும் கலைவாணியிடம், இவருக்குத் தொழிலே தெரியவில்லை என்றேன். அவள் தலையாட்டினாள். நான் எது சொன்னாலும் தலையாட்டுவாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. மீட்டர் குறைத்துக் காட்டுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாததால், எல்லோருடைய அளவையும் திருத்தினேன். என் பிடி எத்தனை கிலோ இறங்கியிருக்கிறதோ அத்தனை கிலோவைத் தொழிலாளர்களின் எண்ணோடு கூட்டி எழுதினேன். இந்தத் திருத்தத்துக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பெயர்கூட இருக்கிறது.

ஏழுமலை என்று ஒருவர். ஐம்பது வயதிருக்கும், கிரைண்டர் வேலை. ஒரு நாள் மீட்டரைப் பிடித்துவிட்டுக் கையை உதறிக்கொண்டே சொன்னார்: "டீச்சர், எனுக்குப் புடி வுட்டுப் போற மாரி கீது. பிளேடு மாத்தறப்போ ஸ்பானர் நழுவுது."

முள் முப்பத்து நான்கில் நின்றது. தொடக்கத்தில் அவருக்கு முப்பத்தொன்பது. நான் ஐந்தைக் கூட்டி முப்பத்தொன்பது என்று எழுதினேன்.

"அப்படியேதான் இருக்கு ஏழுமலை. ஒன்னும் குறையல."

"மிஷின் சொன்னா சரிதான்" என்று எழுந்து போனார்.

இரண்டு வாரம் கழித்து. பட்டறையில் எப்போதும் டீ இடைவேளையில்தான் அளப்போம், அப்போதுதான் இயந்திரங்கள் ஓய்ந்திருக்கும். மற்றவர்கள் கை கழுவி வருவதற்குள் கலைவாணி என் கையில் நைலான் இழை வைத்துப் பழகிக்கொள்வாள். தொட்டால் நான் "தொட்டது" என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தொடுதலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விடுவாள் என்பது எனக்குத் தெரியக் கூடாது. அன்று துண்டை மடித்து மேசையில் போட்டு அதன்மேல் வலது கையை வைத்துக் கண்ணை மூடினேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், எல்லாம் சொன்னேன். பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். பக்கத்தில் யாரோ டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கல் தூள் மூக்கில் ஏறியது.

"ஃபோனைப் பாத்துக்கிட்டிருக்கியா கலை? சுண்டுவிரலுக்கு வா."

இடது கையால் மேசையைத் தட்டினேன்.

"உன்னைத்தான்."

"மேடம்," என்றாள், "சுண்டுவெரல்ல ஆறு வாட்டி தொட்டுட்டேன்."

கண்ணைத் திறந்தேன். இழை என் சுண்டுவிரல் நுனியில் நின்றுகொண்டிருந்தது. வளைந்திருந்தது. அதைக் கண்ணால் பார்க்கிறேன், விரலுக்கு அது தெரியவில்லை. "இருக்கிறதிலேயே தடியா ஒன்னு இருக்குமே, அதை எடு" என்றேன். எடுத்து வைத்தாள். அது வில் மாதிரி வளைந்தது. தோலில் குழிகூட விழுந்தது. ஒன்றுமே இல்லை.

இழை கெட்டுப்போயிருக்குமோ என்றுதான் அப்போதும் தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் அதுதான் தோன்றியது. வாங்கி என் இடது கையில் வைத்தேன். சுரீர் என்று உறைத்தது.

ஏழுமலை டீ கிளாஸோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க சுண்டுவெரலு தனியா வெலகி நிக்குது டீச்சர். ஒரு மாசமா பாக்குறேன். சொல்லலாமா வாணாமான்னு இருந்தேன்" என்றார்.

அன்று யாரையும் அளக்கவில்லை. திரும்பும்போது கலைவாணிதான் வண்டி ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். சுண்டுவிரல் ஓரத்தில் காய்ந்துபோன ஒரு கொப்புளம் இருந்தது. தோசைக்கல் சுட்டதாக இருக்க வேண்டும். எப்போது சுட்டது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவே இல்லை.

அரசு மருத்துவமனையின் நரம்புப் பிரிவில் பார்த்துவிட்டு, தோல் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். தோலில் எனக்கு ஒரு புள்ளிகூட இல்லை, எதற்கு அங்கே என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். அங்கே இருந்த மருத்துவர் என்னைவிடச் சின்னவர். என் வலது முழங்கையை மடக்கி, உட்பக்க எலும்புக்குப் பின்னால் விரலால் உருட்டிப் பார்த்தார். வலியில் துள்ளிவிட்டேன்.

அல்னார் நரம்பு அங்கேதான் போகிறது (முழங்கையில் இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி இழுக்குமே, அந்த நரம்பு, சுண்டுவிரல்வரை போகும்).

"எவ்வளவு நாளா இந்த நரம்பு இப்படித் தடிச்சிருக்கு?"

"அது என்னோட நார்மல், டாக்டர்."

"யார் சொன்னாங்க?"

"நான்தான்" என்றேன். சொல்லும்போதே தலைக்குள் ஏதோ சரிந்த மாதிரி இருந்தது.

இரண்டு மாதம் முன்புதான், நான் சேர்த்து எடுக்கும் சமுதாய நலப் பாடத்தில் நரம்பைத் தொட்டுப் பார்க்கும் முறையை நடத்தியிருந்தேன். அந்தப் பாடத்தின் பெயரே தொழுநோய்தான். ஒவ்வொரு வருடமும் நாற்காலியில் உட்கார்ந்து வலது முழங்கையை நீட்டுவேன், பிள்ளைகள் வரிசையில் வந்து தொட்டுப் பார்ப்பார்கள். இந்த வருடம் முன்வரிசைப் பெண் ஒருத்தி தொட்டுவிட்டு நகராமல் நின்றாள். "மேடம், கயிறு மாதிரி இருக்கே. எங்க கையில இப்படி இல்லையே" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒல்லியா இருக்கிறவங்களுக்கு அப்படித்தான் தெரியும். இதை மனசுல வெச்சுக்கோங்க, இதுதான் நார்மல்." நாற்பது பேர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அன்று என் முழங்கை வலித்தது. எல்லோரும் அழுத்துகிறார்கள், வலிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு சோதனைகள். நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் சின்ன மின் துடிப்பை விட்டு, அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது). புறங்கையில் சிறு நரம்பு ஒன்றிலிருந்து துளி எடுத்துத் திசுச் சோதனை. இரண்டு வாரம் கழித்து மருத்துவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னார். தொழுநோய். தோலில் தேமல் எதுவும் இல்லாமல் நரம்பை மட்டும் பிடிக்கிற வகை. ஒரு நரம்பில் மட்டும் இருக்கிறது. ஆறு மாதம் கூட்டு மருந்து (கிருமியைக் கொல்ல ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துத் தருவது), அதோடு நரம்பு வீக்கத்துக்கு ஸ்டீராய்டு.

"கை திரும்புமா?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் நோயாளிகள் இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் நான் படிவத்தின் ஏதோ ஒரு கட்டத்தில் எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன்.

"ஆறு மாசத்துக்குள்ள வந்துட்டா பெரும்பாலும் ஓரளவு திரும்பும். உங்களுக்கு எப்போ ஆரம்பிச்சதுன்னு தெரியுமா?"

தெரியும். நோட்டு இருக்கிறதே. எந்த வாரம் எத்தனை கிலோ என்று வரிசையாகச் சொன்னேன். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு சுத்தமா எந்தப் பேஷன்ட்டும் ஹிஸ்டரி கொடுத்ததில்ல" என்றார். எனக்கு அழுகை வந்தது.

வெளியே நடைபாதையில் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு சுவரொட்டி: 'தொழுநோய் முற்றிலும் குணமாகும்.' மாணவிகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக இதே வாசகத்தை ஒட்டியிருக்கிறேன். கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். அன்று அதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். குணமாகும் என்பதைவிட முதல் சொல்தான் பெரிதாகத் தெரிந்தது.

வீட்டில் சொன்னபோது சரவணன் முதலில் கேட்டது, "இனியாவுக்கு வருமா?" என்றுதான். இனியா எங்கள் மகள், ஒன்பதாவது படிக்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. நான் ஒருத்தி எதிரில் நிற்கிறேனே என்று தோன்றியது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே அடுத்தவருக்குப் பரவுவது நின்றுவிடும், என் வகையில் பரவுவதே மிகக் குறைவு என்று பாடம் எடுக்கிற குரலில் சொன்னேன். அவர் வந்து என் வலது கையைத்தான் பிடித்துக்கொண்டார். பாதிக் கைக்குத்தான் அது தெரிந்தது.

எடை மாட்டிப் பார் என்று அன்றைக்கே சொன்னேனே என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு சண்டையாவது போட்டிருப்பேன்.

இருவரையும் கூட்டிப்போய்ப் பரிசோதித்தோம். ஒன்றும் இல்லை. முன்தடுப்பாக ஒரே ஒரு வேளை மாத்திரை கொடுத்தார்கள். இனியா அதை விழுங்கிவிட்டு, "இவ்வளவுதானாம்மா? மூஞ்சிய எதுக்கு இப்படி வெச்சிருக்க?" என்றாள்.

கல்லூரியில் சொல்லாமலே இருந்திருக்கலாம். சட்டப்படி யாருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் அந்த நாற்பது நோட்டுகள் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தப் பிள்ளைகள் நாளைக்கு ஏதோ ஒரு கிராமத்தில் ஒருவருடைய முழங்கையைத் தொட்டுப் பார்ப்பார்கள். கயிறு மாதிரி இருக்கும். நார்மல் என்று அனுப்பிவிடுவார்கள்.

வகுப்பில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "போன தடவை நான் சொன்னது தப்பு. அது நார்மல் இல்லை, நோய். இன்னிக்கு ரெண்டு கையையும் தொட்டுப் பாருங்க. இடது சரியான நரம்பு, வலது தடிச்ச நரம்பு. வலதை மெதுவா தொடுங்க, வலிக்கும்" என்றேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. பாடப்புத்தகத்தில் இந்த நோய்க்கு முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் அவர்கள். கடைசியில் அந்த முன்வரிசைப் பெண்தான் வந்தாள். இடதைத் தொட்டாள், வலதைத் தொட்டாள். "ரெண்டும் ஒன்னு இல்ல மேடம்" என்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. எத்தனை பேர் வரவில்லை என்று எண்ணினேன், பழக்க தோஷம். அந்த எண்ணிக்கை என்னோடு இருக்கட்டும்.

அடுத்தது பட்டறை. ஆய்வுத் தாளில் எழுதியதை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். தாள் தாளாக, நான் கூட்டிய கிலோவையெல்லாம் அடித்தேன். அடிக்க அடிக்க, மறைந்திருந்தது மேலே வந்தது. பிடி தளர்ந்தவர்கள் இருந்தார்கள். என் கை கெட்ட அளவை அவர்கள் தலையில் கூட்டி, அவர்கள் கை கெட்டதை மறைத்திருக்கிறேன். கோடு போடும்போது பேனா இரண்டு தடவை நழுவி விழுந்தது.

ஏழுமலையிடம் நேரில் போய்ச் சொன்னேன். "உங்க பிடி நிஜமாவே குறைஞ்சிருக்கு. நான்தான் தப்பா எழுதிட்டேன். கொஞ்ச நாள் கிரைண்டரைத் தொடாதீங்க, டாக்டர்கிட்ட சீட்டு வாங்கித் தர்றேன்."

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே டீச்சர்" என்றார். கோபம் இருந்தது, அடக்கிக்கொண்டார். "செரி, எங்க கைக்கு மிஷினு. உங்க கைக்கு இன்னா ஆச்சு?"

அவர் கையை வாரத்துக்கு வாரம் பிடித்தவள் நான். பொய் சொல்ல வாய் வரவில்லை. பெயரைச் சொன்னேன். அவர் மேசையில் என் கைக்குப் பக்கத்தில் இருந்த தன் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அடுத்த மூன்று முறை நாங்கள் போனபோது அவர் அளக்க வரவில்லை.

மருந்து பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. மாதத்தின் முதல் வேளையைச் செவிலியர் முன்னால் விழுங்க வேண்டும். அன்று சிறுநீர் சிவந்து போகும், இரத்தம் இல்லை, பயப்பட வேண்டாம். எனக்குத் தோல் கறுத்தது. ஸ்டீராய்டில் முகம் உப்பி, பசி பேயாகப் பிடித்தது. திருக்கழுக்குன்றத்தில் எங்கள் தெரு முனை பஜ்ஜிக் கடைக்காரர் என்னால் கொஞ்சம் செழித்தார். மாத்திரையைவிடக் கஷ்டம், தினமும் கையை உட்கார்ந்து பார்ப்பது. மரத்த கை தனக்கு அடிபட்டதைச் சொல்லாது. அதனால் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே விரல் விரலாக, இடுக்கு இடுக்காகப் பார்க்க வேண்டும். நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவ வேண்டும். தோசைக்கல் பக்கம் இடது கைதான் போக வேண்டும். விட்டுவிடாதீர்கள்.

நரம்பு எவ்வளவு வேகத்தில் சரியாகும் என்று மருத்துவரைக் கேட்டேன். "நல்லபடியா போனா, உத்தேசமா ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். கணக்கு போட்டு உட்கார்ந்துடாதீங்க" என்றார்.

என்னிடம் போய் அதைச் சொல்லலாமா? வீட்டுக்கு வந்ததும் டேப் எடுத்து முழங்கையிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை அளந்தேன். முப்பத்தெட்டு சென்டிமீட்டர். ஒரு வருடத்துக்கும் மேல். அன்றுமுதல் எனக்கு நாள்காட்டி கையிலேயே இருக்கிறது. இனியாவின் காலாண்டுத் தேர்வு முழங்கைக்குக் கொஞ்சம் கீழே. பொங்கல் மணிக்கட்டுக்கு அரைச் சாண் மேலே. யாராவது ஒரு வேலையை நாளைக்கே முடி என்றால், ஒரு மில்லிமீட்டரில் எப்படி முடிக்கிறது என்று வாயில் வருகிறது.

மருந்து தொடங்கிய ஐந்தாவது மாதம், பட்டறையில் நாங்கள் அளக்கும் மேசைக்கு ஏழுமலை வந்தார். கட்டை விரலளவு துளை போட்ட, உருண்டையான ஒரு கருங்கல்லைக் கோணியில் சுற்றி எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். "பத்துக் கிலோ டீச்சர். மீன் மார்க்கெட்டாண்ட முத்திர போட்ட தராசுல வெச்சு வெச்சு எழைச்சேன். இத்த மாட்டிப் பாருங்க. ஆளு கைய நம்பாதீங்க."

"கிரைண்டரைத் தொடாதீங்கன்னு சொன்னேனே."

"அரத்தாலயும் உப்புத்தாளாலயும் எழைச்சேன், நம்புங்க." அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "டாக்டர் சீட்டு குடுத்தீங்களே, அங்க போய்க் கேட்டேன். தொட்டா ஒட்டாதாமே. அன்னிக்குத் தெரியல. மனசுல வெச்சுக்காதீங்க."

மனசில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அன்று விட்டேன். கல்லை மாட்டினோம். முள் பத்தில் நின்றது. பழுது பார்க்கும் கடைக்காரரை அந்த வழியாகப் போகும்போது பார்த்து, அவர் சொன்னதுதான் சரி என்று சொல்ல வேண்டும் என்றாள் கலைவாணி. வீட்டில் சரவணன் மீன் தராசுக் கதையைக் கேட்டுச் சிரித்தார், பிறகு கல்லைக் கையில் வாங்கி வெகு நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டு மருந்து முடிந்து மூன்று மாதம் ஆகிறது. கிருமி இல்லை என்று அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிடி இருபத்து மூன்று. பேனா நழுவுவதில்லை. சுண்டுவிரல் இன்னும் விலகித்தான் நிற்கிறது, முன்புபோல அவ்வளவு இல்லை. அது திரும்புமா என்பதற்கு மருத்துவரிடம் பதில் இல்லை. மில்லிமீட்டர் கணக்குப்படி நான் இப்போது உள்ளங்கைக்குள் இருக்கிறேன்.

போன வாரம் அதே பட்டறையில், டீ இடைவேளையில், கலைவாணி என் கையை இழையால் சோதித்தாள். இந்த முறை பழகுவதற்காக இல்லை, முறைப்படி, தாள் வைத்து. சுண்டுவிரலுக்குப் பத்து வாய்ப்பு. ஆறில் தொடுவாள், நான்கில் தொடாமல் சும்மா இருப்பாள். எது எப்போது என்று எனக்குத் தெரியாது. அந்தச் சும்மா இருக்கும் வாய்ப்பு எதற்கென்றால், ஆசையில் தொட்டது தொட்டது என்று சொல்கிறவர்களைக் கண்டுபிடிக்க. எத்தனையோ பேரை அப்படிக் கண்டுபிடித்து ஓரத்தில் குறித்திருக்கிறேன்.

கண்ணை மூடினேன். உடம்பு முழுவதும் அந்த ஒரு விரல் நுனிக்கு வந்துவிட்டது. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. ஒரு இடத்தில் ஏதோ எறும்பு நகர்ந்த மாதிரி இருந்தது. "தொட்டது" என்றேன். பென்சில் சத்தம் கேட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது. இப்படி நான்கு முறை சொன்னேன்.

கண்ணைத் திறந்து தாளை வாங்கிப் பார்த்தேன். தொட்டபோது சரியாகச் சொன்னவை மூன்று. தொடாதபோது தொட்டது என்றவை ஒன்று.

"எது கலை அந்த ஒன்னு?"

"அத்த சொல்லக் கூடாதுன்னு நீங்கதான மேடம் சொல்லிக் குடுத்தீங்க" என்றாள். தலையாட்டுகிற பெண், முதல் தடவையாக மறுத்தாள்.

நான்கு முறையும் அந்த விரலில் என்னவோ வந்து தொட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதில் மூன்று நைலான் இழை, ஒன்று என் ஆசை. எது எது என்று எனக்குத் தெரியாது. எதையும் திருத்தாமல், வலது கையாலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.